லிங்க் ராடு போனதற்கு ஸ்டியரிங் ராக்கையே மாற்றினார்கள்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வண்டி 2012 மாடல் ஸ்விஃப்ட். பள்ளத்தில் இறங்கினால் இடது முன்பக்கம் ‘லொட லொட’ என்று சத்தம். எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டதும், ரோட்டில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் “ராக் போயிடுச்சு சார், ஷாக்கும் ரெண்டும் வீக்” என்று சொல்லிவிட்டார்கள். ராக் (ஸ்டியரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்), முன் ஷாக் அப்சார்பர் இரண்டு, கூலி எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய். வெளியே எடுத்த அன்றே அதே சத்தம். திரும்பப் போனால் “லோயர் ஆர்மும் மாத்தணும்” (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை) என்று அடுத்த எஸ்டிமேட். பழைய பாகங்களைக் கேட்டால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

வேறொரு மெக்கானிக் கண்டுபிடித்தது இடது லிங்க் ராடின் பால் ஜாயிண்ட் தேய்மானம். வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரோடு இணைக்கும் சின்னக் கம்பிதான் லிங்க் ராடு, அதன் முனையில் இருக்கும் உருண்டை மூட்டுதான் பால் ஜாயிண்ட். இரண்டு பக்கமும் மாற்றியது 2,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று விட முடியாது. இந்த வண்டியில் லிங்க் ராடின் மேல் முனை ஷாக் அப்சார்பரில்தான் மாட்டியிருக்கும். அந்த நட்டைக் கழற்றாமல் ஷாக்கை வெளியே எடுக்க முடியாது. கையில் பிடித்தவருக்கு ஜாயிண்ட் தொளதொளவென்று ஆடியது தெரியாமல் இருந்திருக்காது.

லிங்க் ராடைச் சோதிக்கும்போது பலர் செய்யும் தவறு, ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போடுவது. ஒரு சக்கரம் தொங்கி மறு சக்கரம் தரையில் இருந்தால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி, ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஆட்டம் கைக்குத் தெரியாது. இரண்டு முன்சக்கரமும் தரையில் சமமாக நிற்க, அல்லது இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ராடைப் பிடித்துக் குலுக்க வேண்டும். ‘டக் டக்’ என்று விரலில் அடித்தால் அதுதான். சந்தேகம் தீராவிட்டால் இரண்டு லிங்க்கையும் கழற்றி, தொங்காமல் கட்டிவிட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் நின்றால் கோளாறு லிங்க்கிலோ ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷிலோதான். வளைவில் வண்டி அதிகம் சாயும் என்பதால் இப்படியே மெயின் ரோட்டுக்குப் போக வேண்டாம். அரை மணி நேர வேலை, பாகச் செலவு கிடையாது.

ஓட்டும்போதே கிடைக்கும் துப்பும் உண்டு. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அமைதி, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் சத்தம் என்றால் முதல் சந்தேகம் லிங்க். கரடுமுரடான ரோட்டில் பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் நின்றால் பிரேக் காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பின்னையும் பேடையும் பாருங்கள். பிரேக் போடும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஒரு ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘டிக் டிக்’ என்றால் எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சிலின் ஜாயிண்ட். வேகம் ஏற ஏற ‘உம்ம்ம்’ என்று இரைந்து, இடது வளைவில் கூடினால் வலது வீல் பேரிங்கை முதலில் பார்க்க வேண்டும், பாரம் அந்தப் பக்கம்தான் சாயும். டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி இறுக்கமாக இருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள்.

ராக் உண்மையில் போயிருந்தால், நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக, வேகமாக ஆட்டும்போதே தட்டுவது கைக்குத் தெரியும். அது இல்லாமல் ராக் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ராக்கையோ, அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடையோ மாற்றினால் வீல் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம். இந்த ஒர்க்‌ஷாப் அதையும் செய்யவில்லை. டயரின் உள்விளிம்பு தேயத் தொடங்கியிருந்தது.

லோயர் ஆர்ம் மாற்றுவதாக இருந்தால் ஒன்றைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்: புஷ் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே நடக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரக் கடைகளில் இது அன்றாடம் நடக்கிறது.

ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது ஒர்க்‌ஷாப் எழுதும் வேலைச் சீட்டு) பாகத்தின் பெயரை எழுதவிடாமல், ‘இடது முன்பக்கம், பள்ளத்தில் சத்தம்’ என்று எழுதச் சொல்லுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். பழைய பாகங்கள் வேண்டும் என்பதை வேலைக்கு முன்பே கார்டில் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பில், எஸ்டிமேட், இரண்டாவது மெக்கானிக்கின் எழுத்து மூலமான குறிப்பு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை.