எங்கள் மண்டல ஆடிட்டர் சங்கம்: 11 வருடச் சந்தாக்காரனின் விமர்சனம்

சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: இந்தச் சங்கத்தால் எனக்கு என்ன லாபம்? நான் தனியாக ஆபீஸ் நடத்துகிறவன். இரண்டு உதவியாளர்கள் உண்டு, சந்தேகம் கேட்க ஒரு பார்ட்னர் கிடையாது. பெரிய நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது.

பெரிய கருத்தரங்குகளைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை எல்லாம் தாண்டி விஷயத்துக்கு வரவே ஒரு மணி நேரம் ஆகும். கடைசியாகப் போனது ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலை பற்றியது. 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு, ஐஏஎஸ் 1 என்ற பழைய தரநிலைக்குப் பதிலாக வருகிறது. வரவு செலவை இயக்கம் (அன்றாடத் தொழில்), முதலீடு, நிதி என்று பிரித்து, இயக்க லாபத்தைத் தனி வரியில் காட்டச் சொல்கிறது. பேச வந்தவர் தரநிலையின் வாசகத்தையே ஸ்லைடில் ஒட்டி வாசித்தார். அதை நானே வாசித்துக்கொள்வேனே! “சாதாரண வியாபார கம்பெனிக்கு வங்கி இருப்பில் வரும் வட்டி எந்தப் பிரிவில் போகும்?” என்று ஒருவர் கேட்டதற்கு, “நேரமில்லை, அப்புறம் பேசலாம்” என்றார். முதலீட்டுப் பிரிவு என்று இரண்டே வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

போதாததற்கு, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டும், எங்கள் தொழிலில் காட்டியாக வேண்டிய தொடர்கல்வி மணிநேரம் என் கணக்கில் ஏறவில்லை. மூன்று மெயில் அனுப்பிய பிறகுதான் ஏறியது. கணக்குப் பார்க்கிறவர்கள் சங்கத்தில் கணக்கு விட்டுப்போகிறது!

மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் ஸ்டடி சர்க்கிள் வேறு ரகம். மேடை, மைக் கிடையாது. இருபது பேர் இருந்தால் அதிகம். (பட்டயக் கணக்காளர் தொழிலே ஸ்காட்லாந்தில் இப்படி ஊர்ச் சங்கங்களாகத்தான் பிறந்தது. அரச சாசனம் கிடைத்தது எடின்பரோவில் 1854, கிளாஸ்கோவில் 1855, அபர்தீனில் 1867. மூன்றும் ஒன்றானது 1951-ல்தான்.) ஒருமுறை ஒரு மூத்த ஆடிட்டர், தான் சறுக்கிய ஃபைலையே கொண்டுவந்தார், பெயர்களை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டு.

கிளையன்ட் ஒரு கிடங்கை 5 வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். விரும்பினால் இன்னொரு 5 வருடம் நீட்டிக்கலாம். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் கட்டுவது 100, வட்டி விகிதம் 9 சதவீதம் என்று வையுங்கள். 5 வருடத் தவணைகளின் இன்றைய மதிப்பு 389; அதுதான் கிளையன்ட் கணக்கில் கடனாக ஏறும். அந்தக் கணக்கைத்தான் இவர் ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் உள்ளே கிளையன்ட் பெரும் செலவில் குளிர்பதன அறை கட்டியிருந்தார். அதைப் போட்டுவிட்டு ஐந்தே வருடத்தில் யார் காலி செய்வார்? நீட்டிப்பது ஏறக்குறைய நிச்சயம் என்றால், குத்தகைக்கான தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 16-ன்படி அந்த வருடங்களும் சேர வேண்டும். 10 வருடத்துக்கு 642. “ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தேன், கிடங்கைப் போய்ப் பார்க்கவில்லை” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் என் குத்தகை ஃபைல்களை எடுத்தேன். ஒன்றில் அதே தப்பு.

நெறிமுறை ஆலோசனைக் குழுவையும் சொல்ல வேண்டும். நான் தணிக்கை செய்யும் ஒரு கம்பெனியில் என் மனைவி பங்கு வாங்கியிருந்தது தற்செயலாகத் தெரியவந்தது. பத்துப் பங்குதானே என்று எனக்குள் ஒரு சமாதானம். போனில் பேசியவர், “எத்தனை என்று பார்க்காதீர்கள் சார், நேரடிப் பங்கு என்றால் ஒன்றும் ஒன்றுதான், நூறும் ஒன்றுதான். விற்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தணிக்கையை விடுங்கள்” என்றார். அன்றே விற்றோம். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை என்பது தனிக் கதை.

நூலகம் பரவாயில்லை. மாணவர்களுக்கான வகுப்புகள் எப்படி என்று என் உதவியாளர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, இந்த வருடமும் சந்தா கட்டிவிட்டேன். கருத்தரங்குக்கு இனிப் போவதாக இல்லை. அடுத்த மாத ஸ்டடி சர்க்கிளில் என் முறை. அந்தக் குத்தகை ஃபைலில் பெயர்களை அடித்துக்கொண்டிருக்கிறேன்.