கூம்பு மரை வெட்டும் கை ரேட்செட் டை செட்: ஒரு மதிப்புரை

இரும்புக் குழாய்களில் கூம்பு மரை (முனையை நோக்கிக் குறுகிச் செல்லும் திருகு வரிகள்) வெட்டுவதற்காக நான் வாங்கிய இந்த டை செட்டில், அதாவது மரை வெட்டும் பற்கள் கொண்ட கருவித் தொகுப்பில், அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால் அங்குலத் தலைகளும் அவற்றைப் பொருத்தும் ரேட்செட் கைப்பிடியும் (முன்னும் பின்னும் அசைத்தாலும் தலையை ஒரே திசையில் சுழற்றுவது) உள்ளன. வெட்டும் திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெட்டியின் மேல் ‘பைப் த்ரெட்’ என்று மட்டும் அச்சிட்டு, எந்தத் தரத்து மரை என்பதைக் குறிப்பிடாமல் விட்டிருப்பது சிறிய குறையன்று.

பிரிட்டிஷ் தரமான பிஎஸ்பிடி, அமெரிக்கத் தரமான என்பிடி ஆகிய இரண்டும் 16-க்கு 1 என்ற சரிவுள்ள (16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும்) கூம்பு மரைகளே. முன்னதன் பற்கோணம் 55 டிகிரி, பின்னதன் கோணம் 60 டிகிரி. அரை, முக்கால் அங்குல அளவுகளில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைகள் என்பதால், ஒரு தரத்து எல்போ (வளைவு இணைப்பு) மற்றொரு தரத்துக் குழாயில் தடையின்றி ஏறி நன்றாக இறுகியதுபோலத் தோன்றும். தண்ணீரைத் திறந்த பிறகுதான், எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றியிருந்தாலும், கசிவு தெரியவரும். ஒரு அங்குல அளவுக் குழாயிலோ அங்குலத்துக்கு பிஎஸ்பிடிக்கு 11, என்பிடிக்கு பதினொன்றரை என்று எண்ணிக்கை மாறுவதால் சில சுற்றுகளிலேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு அங்குலத் தலையால் துண்டுக் குழாயில் வெட்டி, மரையின் இடைவெளியையும் கோணத்தையும் ஒப்பிடும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்தேன். 55 டிகிரி, 11 மரை என்று பொருந்தியதால் இது பிஎஸ்பிடி என்பது உறுதியானது. இந்தச் சோதனையைச் செய்யும் வேலையை வாங்குபவர் தலையில் கட்டியிருக்கக் கூடாது.

வேலைக்கு வந்தால் கருவி மனநிறைவு தருகிறது. தலையில் உள்ள நான்கு டைகளிலும் (வெட்டும் பற்துண்டுகள்) அவற்றின் பள்ளங்களிலும் 1 முதல் 4 வரை எண்கள் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வரிசை மாறினால் மரை சிதைந்துவிடும் என்பதால் இது முக்கியம். குழாயைப் பைப் வைஸ் என்னும் பிடிப்பானில் இறுக்கி, உட்புறப் பிசிறை ரீமர் என்னும் சுரண்டும் கருவியால் நீக்கி, உள்ளங்கையால் தலையை அழுத்திக்கொண்டு கைப்பிடியை அசைத்தால் பற்கள் விரைவில் கவ்விக்கொள்கின்றன. எண்ணெயைத் தாராளமாக விட்டால் சீவல் சுருள்சுருளாக வெளியேறுகிறது. எண்ணெய் குறைந்தால் மரையின் முகடு கிழிந்து சொரசொரப்பாகிறது. எண்ணெய்க் குப்பியையும் ரீமரையும் இந்தச் செட்டில் தரவில்லை.

குழாயின் முனை டைகளின் வெளிமுகத்தோடு சமமாக வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் முனைப்பகுதியில் கூம்பு மறைந்து நேர் மரையாகிவிடும். இந்தத் தலையில் அந்த முகம் எதிரிலேயே தெளிவாகத் தெரிவதால் நிறுத்தும் இடம் தவறுவதில்லை. அரை அங்குலத்தில் வெட்டிய மரையை அளந்தேன். இவ்வகைக் குழாய் மரைகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7-1 கூறும் 13.2 மி.மீ. பயன்மரை நீளத்துக்கு (இணைப்புக்கு உதவும் மரையின் நீளம்) ஒத்துவந்தது.

குழாய்களை இணைக்கும் ஃபிட்டிங்குகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவற்றின் மேல் உள்ள எழுத்தைப் பார்ப்பது நல்லது. ‘ஆர்சி’ என்பது கூம்பு உள்மரை, ‘ஆர்பி’ என்பது நேர் உள்மரை. இந்தச் செட்டில் வெட்டும் கூம்பு வெளிமரை இரண்டிலும் இறுகும். ‘ஜி’ என்ற குறி வாஷரால் அடைக்கும் நேர் மரைக்குரியது. அதை இந்த மரையோடு சேர்க்கக் கூடாது. எழுத்தே இல்லாத கப்ளிங்கையும் யூனியனையும் நான் வாங்குவதில்லை.