மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை: வீட்டில் வைத்தே ரிப்பேரும் அப்கிரேடும், நீண்ட நாள் அனுபவம்

இரண்டு இருக்கை, திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காரான பழைய எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே தேடுவது சத்தமான சைலன்சர், பாட் ஃபில்டர் (பெட்டி இல்லாத திறந்த ஏர் ஃபில்டர்), வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங். அதே பணத்தை ரப்பர் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளை), பிரேக், ரேடியேட்டர், வீல் அலைன்மென்ட் என்று செலவழித்திருந்தால் வேறு காரே கிடைத்திருக்கும். இந்த வண்டியில் அப்கிரேடு என்பது முக்கால்வாசி தள்ளிப்போட்ட ரிப்பேர்தான்.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை ஹிரோஷிமாவில் தயாரான மாடல் இது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா. முதலில் 1.6 லிட்டர் இன்ஜின், 1993 முதல் 1.8. எடை ஏறக்குறைய ஒரு டன். நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு கைகள் தாங்கும்) சஸ்பென்ஷன். பெரும்பாலான வேலைக்கு 10, 12, 14, 17, 21 மி.மீ. சாக்கெட்டுகள் போதும். டார்க் ரெஞ்ச் மட்டும் இரண்டு வேண்டும்: 5 நியூட்டன் மீட்டரிலிருந்து அளக்கும் சிறியது ஒன்று, 170 வரை போகும் பெரியது ஒன்று. முன்னால் ஜாக் வைக்க நடு கிராஸ்மெம்பர், பின்னால் டிஃப் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல்). தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள் மெல்லிய தகடு. அதில் ஜாக் வைத்தால் அப்பளமாக நசுங்கும்.

வாங்குவதற்கு முன்பே முதலில் பார்க்க வேண்டியது கிராங்க் புல்லி, அதாவது இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கின் முன்முனையில் (மூக்கில்) உள்ள புல்லி. அதன் முகத்தில் நான்கு துளைவெட்டு இருந்தால் குட்டை மூக்கு கிராங்க், எட்டு இருந்தால் நீண்ட மூக்கு. 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 இன்ஜின்களில் குட்டை மூக்குதான். யாரோ ஒருவர் டைமிங் பெல்ட் மாற்றும்போது புல்லி போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால், புல்லியைக் கிராங்கோடு பூட்டும் 'சாவி' என்ற சிறு இரும்புத் துண்டும் அதன் பள்ளமும் சிறுகச் சிறுகத் தேய்ந்து புல்லி ஆட ஆரம்பிக்கும். பெல்ட் ஓடும் பல்சக்கரமும் சேர்ந்து நகர்வதால் டைமிங் பின்தங்கி, வண்டி இழுவை குறையும். ஐடிலில் புல்லியைப் பக்கவாட்டில் பாருங்கள். தள்ளாடினால் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் யோசியுங்கள். தேய்மானம் ஆரம்ப நிலையில் இருந்தால் புதுச் சாவி போட்டு, இடைவெளியை லாக்டைட் 660 கொண்டு நிரப்பிக் காப்பாற்றியவர்கள் உண்டு. முற்றிவிட்டால் வேறு கிராங்கோ வேறு இன்ஜினோதான். குட்டை மூக்கில் அந்த போல்ட்டைக் கழற்றினால் புது போல்ட்டே போட வேண்டும். இறுக்கம் 108 முதல் 118 நியூட்டன் மீட்டர். நீண்ட மூக்குக்கு 157 முதல் 166.

டைமிங் பெல்ட்டுக்கு சுமார் 1,00,000 கி.மீ. ஆயுள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இன்ஜின்களில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வை முட்டாது. வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். அதற்காக அறும்வரை ஓட்டுவதா? பெல்ட்டைத் தொடும் அன்றே வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர், இரண்டு கேம் சீல் (வால்வுகளைத் திறக்கும் தண்டுகளின் ஆயில் தடுப்பு வளையங்கள்), கிராங்க் முன் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அங்கே கை போவதற்கே அரை நாள் ஆகிறது. கேம் சக்கரங்களில் I, E என்ற ஆங்கில எழுத்துக் குறிகள் மேல்நோக்கி நிற்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையே பெல்ட்டில் 19 பல் இருக்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் ஸ்டார்ட் ஆகும், ஓடும். ஆனால் ஐடில் நடுங்கும், கீழ் வேகத்தில் உயிர் இருக்காது. அடிக்கடி நடக்கும் தவறு டென்ஷனரைக் கையால் தள்ளி இறுக்குவது. செய்ய வேண்டியது வேறு: கிராங்கை வலச்சுற்றாக ஒரு முழுச் சுற்றும் மேலும் ஆறில் ஐந்து பங்கு சுற்றும் திருப்பி, டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கே பெல்ட்டை இழுத்துக்கொள்ள விட்டு, பிறகு இறுக்க வேண்டும். கேம் கவர் போல்ட்டுகளுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டரே அளவு. "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்கிய கைகள்தான் ஹெட்டின் (இன்ஜினின் மேல்பகுதியின்) அலுமினிய மரையைப் பிய்த்திருக்கின்றன.

ஆயில் ஒழுக்கு விஷயத்தில் இந்த இன்ஜின் நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறது. பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூடு) அடியில் சொட்டினால் பின் மெயின் சீல் (கிராங்கின் பின்முனை ஆயில் சீல்) போய்விட்டது என்று முடிவு கட்டி கியர்பாக்ஸை இறக்குகிறார்கள். கியர்பாக்ஸையும் டிஃப்பையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தையும் சேர்த்துக் கழற்ற வேண்டியிருப்பதால் அது சின்ன வேலை அல்ல. பெரும்பாலும் குற்றவாளி ஹெட்டின் பின்முனையில் உட்கார்ந்திருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் (கேம் தண்டின் நிலையை அளக்கும் சென்சார்) ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். சூட்டில் கல்லாகிப்போன அந்த வளையத்தைத் தாண்டி ஆயில் ஹெட்டின் பின்புறமாக வழிந்து கீழே வருகிறது. சென்சாருக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு கீறி, 12 சாக்கெட் போல்ட் ஒன்றைக் கழற்றி, ஆட்டி இழுத்தால் வந்துவிடும். புது வளையத்தில் ஆயில் தடவி மாட்டுங்கள். அதன் நாக்கு மையம் தள்ளி அமைந்திருப்பதால் ஒரே நிலையில்தான் உட்காரும்.

சென்சாரைத் தொட்டபின் டைமிங் லைட் (தீப்பொறி எப்போது விழுகிறது என்று காட்டும் விளக்கு) கட்டாயம். இன்ஜின் சூடாகி ஐடில் 850 சுற்றில் நிற்கும்போது, டயக்னாஸ்டிக் பெட்டியில் டென் (TEN), கிரவுண்ட் (GND) என்ற இரண்டு துளைகளையும் ஒரு ஒயரால் இணைத்துவிட்டுப் பார்த்தால் 10 டிகிரி தெரிய வேண்டும். தரமான பெட்ரோல் போடுகிறவர்கள் 14 வரை முன்தள்ளுவது வழக்கம். காசு செலவில்லாமல் கீழ் வேகத்தில் சுறுசுறுப்பு கூடும். மேடு ஏறும்போது கணகண என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே பின்வாங்குங்கள்.

பாட் ஃபில்டர் பற்றி ஒரே வரி: ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள சூடான காற்றை இன்ஜினுக்கு ஊட்ட அதைவிட நல்ல வழி கிடையாது.

கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரை (மிதியின் மாஸ்டர் சிலிண்டர் அனுப்பும் ஆயில் அழுத்தத்தால் கிளட்ச்சைத் தள்ளும் சிலிண்டர்) டயர்போல அவ்வப்போது மாற்றும் பொருளாகவே எண்ணிக்கொள்ளலாம். முதல் கியரும் ரிவர்ஸும் உறுத்தி விழ ஆரம்பித்தால் கியர்பாக்ஸைச் சந்தேகிக்காமல், ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் முடிந்தது. 12 சாக்கெட் போல்ட் இரண்டு, ஒரு பைப், அவ்வளவே கழற்ற வேண்டியது. ஸ்லேவை மட்டும் மாற்றினால், புது அழுத்தத்தில் பழைய மாஸ்டர் சிலிண்டர் சில மாதங்களில் கைவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றி, டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, ஏர் எடுங்கள்.

கியர் லீவருக்கு அடியில் உள்ள இரண்டு ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் கேபினில் சூடும் இரைச்சலும் ஏறும். லீவரை வெளியே எடுத்ததும் அந்தக் குழியில் இருக்கும் பழைய ஆயிலை உறிஞ்சிவிட்டு, 80 முதல் 90 மி.லி. 75டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றுங்கள். கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர், ஜிஎல்-4 தரம். டிஃப்புக்கு 1.6ல் 0.65 லிட்டர், 1.8ல் 1 லிட்டர். எதிலும் முதலில் ஊற்றும் மூடியைத் திறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் மூடியைத் திறக்க வேண்டும். ஆயிலை வடித்த பிறகு மேல் மூடி வர மறுத்தால் வண்டி ஜாக் ஸ்டாண்டிலேயே குடியிருக்கும்.

கூலிங்கில் ரேடியேட்டர் மேல் தொட்டியின் நிறமே ஜாதகம். கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டால் அடுத்த நெடும்பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். விரிசல் சொல்லிக்கொண்டு வராது. டேஷ்போர்டு டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீர்கள். பரந்த வெப்ப அளவுக்கு நடுவிலேயே அசையாமல் நின்றுவிட்டு, ஏறத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும்.

இனி சஸ்பென்ஷன். ஷாக் அப்சார்பர் எந்த பிராண்டு என்பதைவிட, புஷ்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே கார் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. முப்பது வருட ரப்பரை வைத்துக்கொண்டு மேலே விலையுயர்ந்த காயிலோவர் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக்) போடுவது ஓட்டை வாளிக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரி. சஸ்பென்ஷனின் கீழ்க்கைகளில் முன்னால் நான்கு, பின்னால் நான்கு என எட்டு எக்சென்ட்ரிக் (மையம் தள்ளிய) போல்ட்டுகள் உண்டு. கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), பின்சக்கர டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) எல்லாம் அவற்றைத் திருப்பித்தான் அமைக்க வேண்டும். உப்பு தூவும் குளிர்நாட்டுச் சாலைகளில் ஓடிய வண்டியில் இவை புஷ்ஷின் உள் இரும்புக் குழாயோடு துருவில் ஒட்டிப்போயிருக்கும். அலைன்மென்ட் கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒவ்வொன்றும் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாத வண்டியைக் கொண்டுபோனால் முன் டை ராடை மட்டும் திருப்பி, அழகான ஒரு பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். துரு நீக்கும் ஆயிலை மூன்று நான்கு நாள் அடித்தும் அசையவில்லை என்றால் புஷ்ஷின் இருபுறமும் போல்ட்டை ரம்பத்தால் அறுப்பதே வழி. அப்போது புஷ்ஷும் புதிது வேண்டும்.

ரப்பர் புஷ் மாட்டியபின் எல்லா போல்ட்டையும் லேசாகப் பிடித்து வைத்து, சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியும் இயல்பைவிட உயரமாக நிற்கும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கிரீஸ் காய்ந்ததும் பழைய கட்டில்போல முனகும். தினமும் ஓட்டும் வண்டிக்கு ரப்பரே மேல்.

தாழ்த்தியே தீருவேன் என்பவர்கள் இரண்டாம் தலைமுறை வண்டியின் மேல் மவுன்ட்டைப் பொருத்திக்கொள்வது நல்லது. ஷாக் மேலேற கூடுதல் இடம் கிடைக்கும், குழியில் இடுப்பில் இடி விழாது. அலைன்மென்ட்டுக்குச் சாலை ஓட்டத்தில் முன் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின் மைனஸ் 1.5, காஸ்டர் 5க்கு அருகில், டோ உள்நோக்கி மிகக் குறைவாக என்ற அளவுகள் நன்றாக ஒத்துவருகின்றன. 185/60 ஆர்14 டயரில் காற்று 26 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்கில் கேட்காமலே 32 அடித்துவிடுவார்கள். லேசான இந்த வண்டி அதில் ஈரச் சாலையில் வழுக்கும்.

பிரேக்கில் மிகச் சிறந்த அப்கிரேடு இதன் அண்ணனிடமே இருக்கிறது. 1.6ன் முன் டிஸ்க் 235 மி.மீ., பின் 231, 1.8ல் 255, 251. 1.8ன் காலிப்பரைத் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) தாங்கும் பிராக்கெட், டிஸ்க், புது பேட் மூன்றும் போதும், 14 அங்குல வீலுக்குள்ளேயே அடங்கும். ஆனால் அதற்கு முன்னதாகவே பின்சக்கரக் காலிப்பரைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளுங்கள். 14 சாக்கெட் மூடி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ நுழையும். இடச்சுற்றாகத் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். புது பேட் போட்டபின் வலச்சுற்றாக டிஸ்க் பூட்டும்வரை திருப்பி, பிறகு மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்வாங்க வேண்டும். இதெல்லாம் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்திய பிறகு. இதைத் தெரியாதவர்கள் ஜி-கிளாம்ப் போட்டு நசுக்கிக் காலிப்பரையே கெடுக்கிறார்கள், அல்லது பேட் தேயத் தேய ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கிக்கொண்டே போகிறார்கள். பிறகு பின் சக்கரம் பிடித்துக்கொண்டு சூடாகிறது என்று கவலை.

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. மூடிய, காற்றுக் குழாய் இணைக்கும் வகை பேட்டரியையே போட வேண்டும். சாதாரண பேட்டரியின் அமில ஆவி டிக்கித் தரையைத் தின்றுவிடும். துணிக் கூரையின் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள துளைகள் வழியாக இறங்கிப் பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியேறுகிறது. இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் காலடிக் கம்பளத்துக்கும், கதவுக்குக் கீழே ஓடும் சட்டமான சில்லுக்குள்ளும் போகும். சில்லின் பின்முனை உள்ளிருந்து துருப்பிடித்து, வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடே மிஞ்சியிருக்காது. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கிழிந்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு ஒன்றின் முனையைத் தீயில் உருட்டி மழுங்கடித்து மெதுவாகச் செலுத்தி, பின் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, சக்கரத்துக்கு முன்னால் ஒழுகுகிறதா என்று குனிந்து பாருங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, இலை உதிர்ந்தபின் ஒருமுறை.