தீலே குழாய் செட்: குழாயை நம்பி வாங்கலாம், தெர்மாமீட்டரை அல்ல

பி.எஸ்சி. மாணவர்களுக்குக் கரிம திரவங்களின் கொதிநிலை பார்க்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதற்குப் பயன்படும், பக்கவாட்டில் வளைந்த கையுள்ள கண்ணாடிக் குழாய்தான் தீலே குழாய்; எங்கள் பழைய குழாயில் அந்தக் கை வளையும் இடத்தில் கீறல் விழுந்துவிட்டது. சூடான பாரஃபின் எண்ணெய் சுற்றும் குழாய் அது, பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்த மனம் வரவில்லை. அதனால் போரோசிலிகேட் (சூடு தாங்கும் கண்ணாடி) குழாய், 360 டிகிரி வரை காட்டும் பாதரச தெர்மாமீட்டர், கார்க் எல்லாம் சேர்ந்த செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஒரு செமஸ்டர் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.

குழாய் அருமை. ஒட்டு போட்ட இடத்தில்கூட கண்ணாடி சீரான தடிமன். வளைவின் அடியில் பர்னரைக் காட்டினால் எண்ணெய் சூடாகி மேலேறி, ஆறி இறங்கி, தானாகவே சுற்றுகிறது, கலக்கவே வேண்டாம். ஜொஹான்னஸ் தீலே 1907-இல் கொடுத்த இந்த வடிவத்தை இன்னும் யாரும் மாற்றாததற்குக் காரணம் இதுதான்.

தெர்மாமீட்டர்தான் பிரச்சினை. சின்னக் குழாயில் சில துளி டொலுயீன் விட்டு, ஒரு முனை மூடிய கேப்பிலரியை (மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்) கவிழ்த்துப் போட்டுச் சூடாக்கினேன். குமிழிகள் கோத்த மணிபோல விடாமல் வந்ததும் பர்னரை எடுத்துவிட்டு, குமிழி நின்று திரவம் கேப்பிலரிக்குள் ஏறும் நொடியில் பார்த்தால் 107.5. டொலுயீனுக்கு 110.6 வர வேண்டும். மூன்று முறை செய்தும் அதே கதைதான். அப்புறம் காய்ச்சி வடித்த நீரின் ஆவியில் பிடித்துப் பார்த்தேன், 98.5 காட்டியது. ஊட்டியில் என்றால் 93 காட்டினாலும் சரி என்பேன், எங்களுடையது கடலோர ஊர். ஆக ஒன்றரை டிகிரி கருவியின் பிழை. மீதியில் ஏறக்குறைய ஒரு டிகிரி, இது முழுக்க அமிழ்த்திப் படிக்க வேண்டிய வகை என்பதால் வருவது, எண்ணெய்க்கு வெளியே நிற்கும் பாதரசம் ஆறிப்போய்க் குறைவாகக் காட்டுகிறது. அதைக் கணக்குப் போட்டுத் திருத்தலாம். ஆனால் எந்த வகை என்று செட்டோடு வந்த தாளில் ஒரு வரிகூட இல்லை.

விற்றவரிடம் கேட்டால் "ஒன்றிரண்டு டிகிரி சகஜம்தானே சார்" என்கிறார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கொதிநிலையை வைத்துத்தான் பிள்ளைகள் எது எந்தத் திரவம் என்று சொல்ல வேண்டும்: எத்தில் அசிட்டேட் 77.1, சைக்ளோஹெக்சேன் 80.7, நடுவில் இருப்பதே 3.6 டிகிரிதான். ஒழுங்காகச் செய்த பிள்ளை, கருவி பொய் சொன்னதால் தப்பாக எழுதி மதிப்பெண் இழக்க வேண்டுமா?

குழாயை மட்டும் தனியாகக் கொடுத்தால் இவர்களிடமே வாங்குங்கள். தெர்மாமீட்டரை அளவுத்திருத்தச் சான்றிதழோடு வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். கார்க்கில் காற்று போக வழியே இல்லை, வாயை முழுசாக அடைத்துவிட்டுச் சூடாக்குவது ஆபத்து. நான் பக்கவாட்டில் கத்தியால் ஒரு பள்ளம் வெட்டிவிட்டேன், நீங்களும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.