முதலில் வீடு, அப்புறம் ஆள்: கணக்கெடுப்புத் தாள்களை அடுக்கி வைத்த அனுபவம்

என் மனைவியின் அப்பா வழிக் குடும்பம் இங்கிலாந்தைச் சேர்ந்தது, அம்மா வழி அமெரிக்கா. இந்த இரண்டு நாடுகளிலும் வம்சாவளி தேடுபவருக்கு அதிகம் கைகொடுப்பது பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள்தான். கிடைப்பது சுலபம். கிடைத்ததைப் பத்து வருடம் கழித்தும் புரிகிற மாதிரி வைத்துக்கொள்வதுதான் சிரமம். நான் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளையும், கூடவே ஒரு விரிதாளையும் நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்காக அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் ஓர் ஆளைத் திறந்து, "1881: இந்த ஊரில் இருந்தார், வயது 35" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவார்கள். ஆனால் கணக்கெடுப்பாளர் அப்படி எழுதவில்லை. ஒரு குறிப்பிட்ட இரவில் ஒரு கூரையின் கீழ் யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாக எழுதினார். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், மாமியார், வேலைக்காரப் பெண், வாடகைக்குத் தங்கிய ஒருவர் என்று எல்லாரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். அந்தப் பட்டியலை உடைத்து ஆளுக்கு ஒரு துண்டாக எழுதினால், சம்பந்தமில்லாதவர் என்று நினைத்தவரெல்லாம் கழன்று போய்விடுவார்கள். வாடகைக்குத் தங்கியவர் மூன்று வருடம் கழித்து அந்த வீட்டுப் பெண்ணையே மணந்திருக்கலாம். கூட இருந்த முதியவள் மனைவியின் தாய் என்றால், அவளுடைய குடும்பப்பெயரே மனைவியின் பிறந்த வீட்டுப் பெயராக இருக்கலாம். அதனால் நான் முதலில் வீட்டைப் பதிவு செய்வேன். ஆட்களை அதன் பிறகுதான் இணைப்பேன்.

கிராம்ப்ஸ் எனக்குப் பிடித்துப்போனதே இதற்காகத்தான். அதில் கணக்கெடுப்பை ஒரு நிகழ்வாக ஒரே ஒரு தடவை உருவாக்கினால் போதும். அந்த வீட்டில் இருந்த எட்டுப் பேரையும் அதே நிகழ்வோடு இணைக்கலாம். ஒவ்வொருவருடைய வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் அந்த இணைப்பிலேயே தனித்தனியாக நிற்கும். படிவங்கள் என்ற துணை நிரலைத் தனியாக நிறுவிக்கொண்டால், அந்தந்த ஆண்டுத் தாளில் உள்ள அதே பத்திகளோடு ஓர் அட்டவணை வரும். நிரப்ப நேரம் பிடிக்கும், உண்மைதான். பெரிய வீடு என்றால் ஒரு மாலைப்பொழுதே போய்விடும். ஆனால் மூலத்தாளையும் என் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி சரிபார்க்க முடிகிறது. அதற்கு அந்த மாலையைக் கொடுக்கலாம்.

எந்தத் தாளில் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருந்தால் பதிவு செய்வது பாதி சுலபம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்தாண்டுக் கணக்கெடுப்பு 1801-லேயே தொடங்கிவிட்டது, ஆனால் நாடு முழுக்க ஒவ்வொருவர் பெயரும் கிடைப்பது 1841-லிருந்துதான். அந்த 1841-ஐ மட்டும் மிகவும் நிதானமாகக் கையாள வேண்டும். பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் தாளில் 35 ஆகிவிடுவார். தலைவருக்கு இன்னார் என்ன உறவு என்ற பத்தியே கிடையாது. ஆகவே 35 வயது ஆணும் 30 வயதுப் பெண்ணும் அடுத்தடுத்த வரியில் இருந்தால் கணவன் மனைவி என்று எழுதிவிடக் கூடாது, அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். பெயர்களுக்கு இடையே உள்ள சாய்கோடுகளையும் கவனிக்க வேண்டும். ஒற்றைக் கோடு என்றால் அதே கட்டடத்தில் அடுத்த குடும்பம், இரட்டைக் கோடு என்றால் அடுத்த கட்டடம். 1851-லிருந்து உறவு, திருமண நிலை, பிறந்த ஊர் எல்லாம் வந்துவிடுகின்றன. 1911-ல் குடும்பத்தார் தாங்களே நிரப்பிய தாளே நமக்குக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பார்ப்பது கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் பிரதி எடுத்தது. மணமாகி எத்தனை வருடம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்றும் 1911-ல் கேட்டார்கள். எந்தத் தாளிலும் பெயர் வராமலே போன குழந்தைகளை முதன்முதலாக நான் அறிந்தது அந்த எண்களிலிருந்துதான். அந்தப் பத்தியை மட்டும் அவசரமாக நிரப்ப எனக்கு மனம் வருவதே இல்லை.

வயதைப் பற்றி ஒன்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 1881 தாளில் 35 என்றிருந்தால் கழித்துப் பார்த்து "பிறப்பு 1846" என்று எழுதுவது வழக்கம். அந்தக் கணக்கெடுப்பின் நாள் 1881 ஏப்ரல் 3. அன்று 35 வயது என்றால், பிறந்தது 1845 ஏப்ரல் 4-க்கும் 1846 ஏப்ரல் 3-க்கும் இடையில். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது 1845-ல் விழுகிறது. வெறும் கழித்தலில் வருகிற ஆண்டைவிட அதற்கு முந்தைய ஆண்டுக்கே வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். அதனால் பிறந்த ஆண்டை ஒற்றை எண்ணாக எழுதாமல், "இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில்" என்றே போடுகிறேன். சொன்ன வயது சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கும் நிற்கும் என்பதால், தாளில் உள்ள வயதை அப்படியே ஒரு பத்தியில் வைத்துவிட்டு, நான் ஊகித்த வரம்பை வேறு இடத்தில் வைக்கிறேன். தொழிலும் அப்படித்தான். 'ஏஜி லேப்' என்று சுருக்கி எழுதியிருந்தால் அதையே எழுதுவேன், விவசாயக் கூலி என்ற விளக்கம் குறிப்பில் வரும். ஊர்ப்பெயரைப் பிழையாக எழுதியிருந்தால் அந்தப் பிழையும் என் பதிவில் இருக்கும்.

ஃபைல் பெயர் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். ஆண்டு, தொடர் எண், பீஸ் எண் (அந்தத் தொடரில் உள்ள கட்டின் எண்), ஃபோலியோ (கட்டில் உள்ள தாளின் எண்), பக்கம், குடும்பத் தலைவர் பெயர், இதே வரிசையில்தான் வைப்பேன். இங்கிலாந்து ஆவணங்களில் காப்பகத்தின் தொடர் எண் 1841-க்கும் 1851-க்கும் எச்ஓ 107, 1861-க்கு ஆர்ஜி 9, 1871-க்கு ஆர்ஜி 10 என்று போய் 1921-க்கு ஆர்ஜி 15 வரை வருகிறது. இணையதளத்தின் முகவரியை மட்டும் எழுதி வைப்பது போதாது. சந்தா முடியலாம், முகவரி மாறலாம். ஆர்ஜி எண்ணும் பீஸ் எண்ணும் ஃபோலியோவும் இருந்தால் அதே பக்கத்தை எங்கிருந்தும் திரும்பப் பிடிக்கலாம். அமெரிக்கத் தாள்களுக்கு மாநிலம், கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி), கணக்கெடுப்பு வட்ட எண், ஷீட் எண், வீட்டு எண், குடும்ப எண் என்று எழுதுகிறேன். 1940 தாளில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. யார் பதில் சொன்னாரோ அவர் பெயர் அருகே வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருக்கும். சொன்னது தாயா, பன்னிரண்டு வயதுப் பையனா என்பதைப் பொறுத்து அந்தத் தகவலின் எடை மாறும். அந்தக் குறியையும் தவறாமல் பதிகிறேன்.

விரிதாளின் வேலை வேறு. வரிசையில் ஆட்கள், பத்தியில் கணக்கெடுப்பு ஆண்டுகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆவண எண்ணோ, "பிறக்கவில்லை", "இறந்துவிட்டார்", "தேடினேன், கிடைக்கவில்லை" என்பதில் ஒன்றோ இருக்கும். காலிக் கட்டம் என்றால் இன்னும் தேடவில்லை. கிடைக்காத இடத்தில், எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில், எந்த ஊரில் தேடினேன் என்பதையும் குறித்து வைக்கிறேன். அது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே தேடலை முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். ஒரு குடும்பம் இணையதளத்தின் பெயர் அட்டவணையில் வரவே மாட்டேன் என்றது. குடும்பப்பெயரை விட்டுவிட்டு, கடைக்குட்டியின் முதல் பெயர், வயது, பிறந்த ஊர் இவற்றை மட்டும் கொடுத்துத் தேடியதும் அகப்பட்டார்கள். அட்டவணை தயாரித்தவர் குடும்பப்பெயரின் முதலெழுத்தை வேறாகப் படித்திருந்தார்.

சில கட்டங்கள் நிரம்பவே நிரம்பாது. அமெரிக்காவின் 1890 தாள்களில் மிகப் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் சேதமாகி, மிச்சமும் பின்னர் அழிக்கப்பட்டுவிட்டது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே அந்த இடைவெளியை மாநிலக் கணக்கெடுப்புகளாலும் நகர டைரக்டரிகளாலும் (ஊரில் இருந்தவர்களின் பெயர், முகவரிப் பட்டியல்கள்) ஓரளவு நிரப்பலாம். இங்கிலாந்தின் 1931 கணக்கெடுப்பு 1942-ல் எரிந்துபோனது, போர் காரணமாக 1941-ல் எடுக்கவே இல்லை. இடையில் நிற்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு ஒன்றுதான். இந்த ஆண்டுகளுக்கு விரிதாளில் சாம்பல் நிறம் கொடுத்து, மாற்று ஆவணத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்தி விட்டிருக்கிறேன்.

எனக்குக் குறையாகத் தெரிவது ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதுதான். அதற்கு எல்லாரும் பயன்படுத்தும் ஜெட்காம் 5.5.1 என்ற கோப்பு வடிவத்தில், பலர் பங்கெடுத்த ஒரே நிகழ்வு என்ற அமைப்புக்கு இடமில்லை. நான் கட்டிய வீடு மறுபடி தனித்தனி ஆட்களாக உடைந்துபோகும். அதனால் உறவினர்களுக்கு ஜெட்காம் அனுப்பும்போது வீட்டுப் பட்டியலைப் படத்தோடு தனியாகவும் அனுப்புகிறேன். மூலக் கோப்பை மென்பொருளின் சொந்த வடிவத்தில், படங்களோடு, இரண்டு இடங்களில் நகல் வைக்கிறேன்.

அனுப்பும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்துத்தான் பெயர்கள் வெளியாகும், 1950 தாள்கள் 2022 ஏப்ரலில் வந்தன. அதில் குழந்தையாக இருப்பவர்கள் இன்று உயிரோடு இருக்கிறார்கள், என் மனைவியின் பெரியம்மாவும் அதில் ஒருவர். ஏற்றுமதி செய்யும்போது உயிரோடு இருப்பவர்களை விலக்கும் வசதி கிராம்ப்ஸில் உண்டு. நான் அதை எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன். பெரியம்மாவின் வரியை மட்டும் அவரிடமே கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன்.