உறைந்த பழக் காக்டெயிலுக்கு நம் வீட்டு மிக்சி போதுமா?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் எந்த வீட்டுச் சாமான் கடைக்குள் போனாலும் மூன்று ஜாருடன் 750 வாட் இந்திய மிக்சி கண்ணில் படும். சட்னிக்கும் மசாலாவுக்கும் வாங்கிய அந்த மிக்சியிலேயே, ஸ்ட்ரா சாயாமல் நிற்கிற பதத்தில் மாம்பழ ரம் காக்டெயில் செய்ய முடியுமா? முடியும், அதுவும் நன்றாகவே வரும். ஒரே ஒரு நிபந்தனை: உறைய வேண்டியது பழம், ஐஸ் அல்ல. ஐஸ் கட்டியை நொறுக்குவதில் இந்த மிக்சிக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண்தான் தரலாம். உறைந்த பழத்தை அரைப்பதில் எட்டு தரலாம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடாதவர்கள்தான் "மிக்சியில் சரியாக வரவில்லை" என்று சொல்லிவிட்டு இன்னொரு கருவிக்குக் காசு செலவழிக்கிறார்கள்.

மிக்சி எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். அமெரிக்காவில் 1937இல் விற்பனைக்கு வந்த வாரிங் பிளெண்டர், பானம் கலக்கத்தான் செய்யப்பட்டது. உயரமான ஜார், மேல்நோக்கி வளைந்த பிளேடு, ஜாருக்குள் சுழல் எழும்பி மேலே இருப்பதைக் கீழே இழுத்துக்கொள்ளும் அமைப்பு. 1960களில் இந்தியாவில் சுமீத் மிக்சி வந்தபோது தேவை வேறு: ஊறிய பருப்பு, காய்ந்த மிளகாய், தேங்காய். எனவே நம் மிக்சியின் அரைக்கும் ஜார் குட்டையாக இருக்கும், பிளேடு அடியோடு ஒட்டிப் படுத்திருக்கும். அதில் ஐஸைப் போட்டால் அடியில் இருப்பது தண்ணீராகும், மேலே இருப்பது கட்டியாகவே கிடக்கும். மோட்டார் மட்டும் சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் முதல் முடிவு ஜார். மூன்றில் பெரியதாக, பெரும்பாலும் ஒன்றரை லிட்டர் கொள்ளளவில், உள்சுவரில் செங்குத்தான மேடுகளோடு வருவதுதான் ஜூஸ் ஜார். அந்த மேடுகள் அலங்காரம் அல்ல. சுற்றி ஓடும் பழக்கூழை அவைதான் தடுத்து நடுவுக்குத் தள்ளுகின்றன. சட்னி ஜார் இந்த வேலைக்கு ஆகாது. அளவு சின்னது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மூடியில் இருக்கும் ரப்பர். பூண்டும் சீரகமும் அரைத்த ஜாரின் ரப்பர் வளையத்தைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். சோப்பு போட்டு எத்தனை முறை கழுவியிருந்தாலும் அந்த வாசம் போயிருக்காது. லைச்சி, முலாம்பழம் போன்ற மென்மையான பழங்களில் அது உடனே தெரிந்துவிடும். ஜூஸ் ஜாரையும் அதன் மூடியையும் பழத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைப்பது நல்லது.

இனி பழம். ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை தேக்கா சந்தையில் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் இறங்கும். இரண்டிலும் நார் குறைவு, இனிப்பு அதிகம், சதை கெட்டி. உறைந்த பானத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழம் இல்லை. தோலையும் கொட்டையையும் நீக்கி 2 செண்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். தட்டில் பேக்கிங் தாள் விரித்து, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஆறு மணி நேரம் வையுங்கள். இறுகிய பிறகு பைக்கு மாற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். இந்தத் தட்டு வேலையைத் தவிர்த்து நேராகப் பையில் போட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே பாறையாக இறுகும். அந்தப் பாறையைச் சமையல் மேடையில் தட்டி உடைத்து, கைமுட்டி அளவுத் துண்டுகளை மிக்சியில் போடும்போதுதான் பிளேடு சிக்கி நிற்கிறது.

பருவம் முடிந்த பிறகு இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும் 850 கிராம் அல்போன்சா மாம்பழக் கூழ் டின் கைகொடுக்கும். டின்னைத் திறந்து கூழை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் போதும், நறுக்கும் வேலையே இல்லை. பெரும்பாலான டின்களில் சர்க்கரை ஏற்கெனவே சேர்ந்திருக்கும் என்பதால் செய்முறையில் வரும் சர்க்கரைப் பாகைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பேரங்காடியில் விற்கும் உறைந்த மாம்பழப் பைகளும் மோசமில்லை. வாங்கும்போது பையைத் தடவிப் பார்த்து, துண்டுகள் தனித்தனியாக உருள்கிறதா என்று கவனியுங்கள். ஒரே கட்டியாக இருந்தால் வழியில் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று அர்த்தம், சதை சக்கையாக இருக்கும்.

இரண்டு பேருக்கான அளவு இது. உறைந்த மாம்பழம் 300 கிராம், வெள்ளை ரம் 90 மில்லிலிட்டர், கலமான்சி (சின்ன எலுமிச்சை போன்ற புளிப்புப் பழம்) சாறு 30 மில்லிலிட்டர், சர்க்கரைப் பாகு 30 மில்லிலிட்டர், குளிர்ந்த தண்ணீர் 60 மில்லிலிட்டர், இரண்டு விரலில் எடுக்கும் அளவு உப்பு. பாகு என்பது 200 கிராம் சர்க்கரையை 200 மில்லிலிட்டர் வெந்நீரில் கரைத்து ஆறவைத்தது. குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் உறைக்கும். எனவே அறை வெப்பத்தில் சுவைத்துப் பார்க்கும்போது சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் அதுவே சரியான அளவு. கலமான்சியைப் பாதியாக வெட்டி வடிகட்டியின் மேல் பிழியுங்கள். விதையோடு ஜாரில் போட்டு அரைத்தால் கசப்பு ஏறும், அதை எந்தப் பாகாலும் மறைக்க முடியாது.

போடும் வரிசை முக்கியம். முதலில் ரம், சாறு, பாகு, தண்ணீர், உப்பு எல்லாம் ஜாருக்குள். அவற்றையும் முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் குளிர வைத்திருக்க வேண்டும். அதன்மேல் பழத்தில் மூன்றில் ஒரு பங்கு. பல்ஸில், அதாவது குமிழைப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடும் நிலையில், இரண்டு இரண்டு விநாடியாக ஐந்தாறு தட்டு. அடுத்த பங்கு, மீண்டும் தட்டு. கடைசிப் பங்கைப் போட்டபின் இரண்டாம் வேகத்தில் 20 விநாடி. அவ்வளவுதான். பழத்தை முதலில் போட்டு மேலே திரவத்தை ஊற்றினால், பிளேடு சுழன்று தன்னைச் சுற்றி ஒரு காற்றுக் குழியைத் தோண்டிக்கொள்ளும். சத்தம் திடீரென்று மெலிந்து உயரும், ஜாருக்குள் எதுவும் அசையாது. அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, நீளக் கரண்டியால் ஓரத்தை வழித்து, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுத் தொடருங்கள். ஓட ஓட அரைபட்டுவிடும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 750 வாட் மோட்டார் ஒரு நிமிடம் ஓடினால் 45 கிலோஜூல். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் போதும். மோட்டாரின் சக்தியில் பாதி மட்டுமே ஜாருக்குள் போகிறது என்று வைத்தாலும், ஒரு நிமிடத்தில் 60 கிராமுக்கு மேல் ஐஸ் உருகிவிடும். அதிகம் அரைத்தால் மென்மையாகும் என்ற நம்பிக்கை சட்னிக்குச் சரி. இங்கே அதிகம் அரைத்தால் மாம்பழ ஜூஸ்தான் கிடைக்கும்.

பாதியில் மிக்சி சட்டென்று நின்றால் பதற வேண்டாம். அடிப்பாகத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தான், அதிகச் சுமை தாங்காமல் வெளியே தள்ளியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டுப் பொத்தானை உள்ளே அழுத்தினால் ஓடும். இதே சுமை அடிக்கடி விழுந்தால் முதலில் தேய்வது கப்ளர், அதாவது ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் பல்லுள்ள உருளை. மோட்டார் ஓடுகிறது, பிளேடு திணறுகிறது, கருகிய ரப்பர் வாடை வருகிறது என்றால் அதுதான் கோளாறு. மலிவான உதிரிப்பாகம், மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு மிக்சி கொண்டுவந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: மின்னழுத்தம் இரண்டு இடத்திலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின்மாற்றி தேவையில்லை. பிளக்கின் வடிவம் மட்டுமே மாறும். தளர்ந்த பயண அடாப்டரில் மாட்டி உறைந்த பழம் அரைக்காதீர்கள், அடாப்டர் சூடேறும். சரியான 13 ஆம்பியர் பிளக் பொருத்திக்கொள்ளுங்கள்.

ரம்மின் அளவைக் கூட்டலாமா என்றுதான் அடுத்த கேள்வி வரும். மேலே சொன்ன அளவில் மொத்தம் அரை லிட்டருக்குச் சற்று மேல் வரும், அதில் ஆல்கஹால் சுமார் 7 விழுக்காடு. ரம்மை 150 மில்லிலிட்டராக ஏற்றினால் பத்து விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆல்கஹால் கூடக் கூட உறைநிலை கீழே இறங்கும். 40 விழுக்காடு மதுவை வீட்டு ஃப்ரீசரில் வைத்தாலும் உறையாததற்கு இதுதான் காரணம். ரம் கூடினால் பானம் பதம் போய்க் கஞ்சியாகும். 1971இல் டல்லாஸ் நகரில் மரியானோ மார்ட்டினெஸ், மென் ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றியமைத்து உறைந்த மார்கரிட்டா இயந்திரம் செய்தார், அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த இயந்திரம் குளிரூட்டிக்கொண்டே கடையும். மிக்சிக்கு அந்த வசதி இல்லை, குளிர் முழுவதும் பழத்திலிருந்துதான் வர வேண்டும். அதனால் அளவு மீறினால் மீட்க வழியில்லை. சிங்கப்பூரில் ரம் போன்ற மதுவுக்கு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி தீர்வை. 40 விழுக்காடு, 700 மில்லிலிட்டர் பாட்டிலில் தீர்வை மட்டுமே 24.64 வெள்ளி. கெட்டுப்போகும் ஒவ்வொரு ஜாரிலும் அந்தக் காசும் போகிறது. இரவு 10.30க்கு மேல் காலை 7 மணி வரை கடையில் மது வாங்கவும் முடியாது. விருந்துக்கு நடுவில் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

மற்ற பழங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், சதைப்பற்று இல்லை. தனியாக அரைத்தால் பொடி ஐஸும் சிவப்புத் தண்ணீரும் தனித்தனியாகப் பிரியும். 300 கிராமுக்கு உறைந்த வாழைப்பழம் பாதி சேர்த்தால் பிடிப்பு வரும். டின் லைச்சியைப் பாகை வடித்து உறைய வைத்து, அந்தப் பாகையே சர்க்கரைப் பாகுக்குப் பதிலாக ஊற்றுங்கள்.

அன்னாசிக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். சூடுபடாத புதிய அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தைச் சிதைக்கும், உறைய வைத்தாலும் சாகாது. தயிரோ பாலோ சேர்த்த பானம் கால் மணி நேரத்தில் கசக்கத் தொடங்குவது அதனால்தான். டின் அன்னாசி சூடுபட்டது என்பதால் அந்தத் தொல்லை இல்லை. தேங்காய்ப்பால் சேர்ப்பதாக இருந்தால் வேறு சிக்கல்: கெட்டிப் பால் உறைந்த பழத்தைத் தொட்டதும் அதன் கொழுப்பு வெள்ளை மணிகளாகத் திரளும், குடிக்கும்போது மெழுகுபோல் மேலண்ணத்தில் ஒட்டும். முதலில் பாலையும் பாகையும் அறை வெப்பத்தில் பழமில்லாமல் பத்து விநாடி அடித்துவிட்டு, பிறகு குளிர வைத்துப் பழம் சேர்த்தால் திரளாது.

மது வேண்டாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரம்முக்குப் பதில் 90 மில்லிலிட்டர் இளநீர், பாகை 45 மில்லிலிட்டராக ஏற்றுங்கள். ரம் இல்லாதபோது கலவை இன்னும் கெட்டியாகும் என்பதால் பல்ஸைக் கூடுதலாகத் தட்ட வேண்டியிருக்கும். இதில் சேர்த்துப் பார்க்க வேண்டியது அசாம் போய். கோப்பிக் கடையில் எலுமிச்சைப் பானத்தின் அடியில் கிடக்குமே, அந்த உப்புப் பிளம்தான். இரண்டை எடுத்து 60 மில்லிலிட்டர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, கொட்டையை நீக்கி, ஆறிய தண்ணீரோடு ஜாரில் சேர்த்து, செய்முறையில் வரும் தண்ணீரையும் உப்பையும் விட்டுவிடுங்கள். மாம்பழத்தின் இனிப்புக்கு நடுவே அந்தப் புளிப்பும் உவர்ப்பும் வந்து நிற்கிற சுவை அருமை, ரம் போட்டதைவிடவே நன்றாக இருக்கிறது என்பது எங்கள் கருத்து. கொட்டை ஒன்றுகூட உள்ளே போய்விடக் கூடாது, பிளேடு மழுங்கும்.

கண்ணாடிக் குவளைகளை 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே பரிமாறாதீர்கள். மிச்சம் இருந்தால் ரம் கலந்ததை மூடிபோட்ட டப்பாவில் ஃப்ரீசரில் வைக்கலாம், மறுநாள் முள்கரண்டியால் சுரண்டினாலே பதம் வந்துவிடும். இளநீர் கலந்தது கல்லாக இறுகிவிடும் என்பதால் அதை ஐஸ் தட்டில் ஊற்றி வைத்து, மறுநாள் இரண்டு மேசைக்கரண்டி இளநீரோடு மீண்டும் பல்ஸில் தட்டுங்கள்.