அண்டி ஆபீசுக்கு வாங்கிய நைட்ரில் கிளவுஸ்: சரக்கு தேறிவிட்டது, கொடுக்கிற விதம் தேறவில்லை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஒரு சின்ன அண்டி ஆபீசில் சூப்பர்வைசராக இருக்கிறேன், வெளியூர்க்காரர்கள் இதை முந்திரி ஆலை என்று வாசித்துக்கொள்ளவும். இங்கே கட்டிங் செக்‌ஷனுக்கு என்று வாங்கிய நைட்ரில் கிளவுஸ் பற்றித்தான் இந்த ரிவ்யூ. நெட்டில் தேடினால் மெக்கானிக்குக்கும் மாடித் தோட்டக்காரருக்கும்தான் எழுதியிருக்கிறார்கள், அண்டி உடைக்கிற கைக்கு எது தாங்கும் என்று ஒருத்தரும் எழுதக் காணோம்.

அந்தக் கை எதோடு மல்லுக்கட்டுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்டித் தோட்டுக்குள், அதாவது மேல் ஓட்டுக்குள், தேன்கூடு மாதிரி பொடிப்பொடி அறைகள், அதில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு எண்ணெய். அனாகார்டிக் அமிலம், கார்டால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பட்டதும் பெரிதாக ஒன்றும் தெரியாது, அப்புறம்தான் பொத்துப் புண்ணாகி, கறுத்து, தோல் உரிந்து வரும். டிரம்மில் வறுக்கிற காலத்தில் எண்ணெயில் ஒரு பங்கு அங்கேயே கசிந்து எரிந்துவிடும், அந்தப் புகை தொண்டையைப் பிடிக்கும். ஸ்டீமுக்கு மாறினபிறகு புகை குறைந்தது, ஆனால் எண்ணெய் முழுக்கத் தோட்டுக்குள்ளேயே நின்றுவிடுவதால் வெட்டுகிற கைக்குத்தான் கூடுதல் அடி. எங்கள் அக்காமாரில் பலருக்கு ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழாது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள்.

காலங்காலமாக இதற்கு மருந்து அடுப்புச் சாம்பலும் தேங்காய் எண்ணெயும்தான். நடுவில் ஒருமுறை பாத்திரம் கழுவுகிற ரப்பர் கிளவுஸ் வந்தது. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும், இதுவும் அப்படியே விரல் நுனியில் கொழகொழத்துக் கிழிந்தது. ரப்பர் மரம் இல்லாத சரிவே இல்லாத மேற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ரப்பர் கிளவுஸை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

நைட்ரில் என்பது செயற்கை ரப்பர், எண்ணெய்க்கு நன்றாகத் தாக்குப் பிடிக்கும். ஆனால் நைட்ரில் என்று கேட்டதும் கடையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் உள்ளங்கை மட்டும் பூசிய வகை, புறங்கை வெறும் பின்னல் நூல். விலை குறைவு, காற்றோட்டமும் இருக்கும், முதலாளிமார் அதைத்தான் எடுப்பார்கள். அண்டி வேலைக்கு அது சுத்தமாக ஆகாது. புறங்கை வழியாக எண்ணெய் ஊறி, அந்த நனைந்த நூல் நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிக்கொண்டே கிடக்கும். அதைவிட வெறுங்கையில் சாம்பல் பூசிக்கொள்வதே மேல். நைட்ரிலில் முழுக்க முக்கியெடுத்த வகை, மணிக்கட்டுக்கு மேல் நீளம் உள்ளது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பாக்கெட்டில் இ.என் 388 என்று ஐரோப்பியத் தரக் குறி போட்டு நாலு எண் இருக்கும். அது தேய்மானம், வெட்டு, கிழிசல், குத்து இவற்றுக்கான மார்க். எண்ணெய், ரசாயனம் தாங்குமா என்று அது சொல்லாது. அதற்கு இ.என் 374 என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டால் பத்தாம் நம்பர் சைஸ்தான் இருந்தது. "எல்லாருக்கும் இதுதான் அண்ணே, கொஞ்சம் லூஸா இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். நன்றாக ஆகும். வேலை பார்ப்பது எல்லாம் பெண்கள், ஏழோ எட்டோதான் சரியாக வரும். லூஸான விரல் நுனி கத்திக்குள் போய்விடும். வற்புறுத்திச் சொன்னபிறகு ஏழாம் நம்பர் வரவழைத்துத் தந்தார், விலையில் ஏமாற்றவில்லை.

போட்டுப் பார்த்ததில், காலால் மிதித்து இடது கையால் அண்டியைக் கத்திக்கு நடுவில் வைக்கிற வேலைக்கு இது அருமை. இடது பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் முதலில் தேயும், மற்றதெல்லாம் புதிதுபோலவே கிடக்கும். ஜோடியாகத்தான் விற்கிறார்கள் என்பதால் வலது கை கிளவுஸ் மூலையில் குவிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கூர்முனையால் பருப்பைத் தோண்டி எடுப்பவருக்கு இது ஒத்துவராது. "போட்டா பருப்பு கைக்குத் தட்டுப்படல மக்ளே, எல்லாம் ரெண்டாப் போவுது" என்றார் ஒரு மூத்த அக்கா. முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை என்கிற தொழிலில் அது சின்ன விஷயமில்லை. அவருக்கு மெல்லிய நைட்ரில், ஒருமுறை போட்டுக் கழற்றுகிற வகையிலேயே தடிமனானது, பவுடர் இல்லாதது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கழற்றினால் அப்படியே குப்பைக்குப் போட்டுவிட்டுப் புதுசு போட வேண்டும், அதில் கஞ்சத்தனம் பார்த்தால் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

ஒரு எச்சரிக்கை. பெல்ட், ரோலர், சுற்றுகிற எந்த மெஷின் பக்கம் போனாலும் கிளவுஸைக் கழற்றிவிடுங்கள், ரப்பர் ஷீட் அடிக்கிற வீடுகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துணியோ நுனியோ சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அங்கே வேண்டியது மெஷினுக்குத் தடுப்பு. பாய்லர் பக்கமும் நைட்ரில் சூடு தாங்காது, தோல் கிளவுஸ்தான்.

இனி கொடுக்கிற விதத்துக்கு வருகிறேன். நான் முன்னால் இருந்த ஒரு ஆபீசில் ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்துவிட்டு, சனிக்கிழமை கூலியில் அந்தக் காசைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டால், "அவங்க கைக்குத்தானே" என்று பதில். தொழிற்சாலைச் சட்டம் 1948-இன் 114-ஆம் பிரிவே, முதலாளி செய்து தர வேண்டிய ஏற்பாட்டுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், பாதுகாப்புக்காகச் செய்கிற எதற்கும் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்றே சொல்கிறது. ஆக, எந்தச் சட்டப்படி பார்த்தாலும் அந்தப் பிடித்தம் தப்பு.

இன்னொரு கூத்து, "வாங்கிக் கொடுத்தாச்சு, அவங்க போட மாட்டேங்கிறாங்க" என்பது. ஏன் போட மாட்டார்கள்? கூலி கிலோ கணக்கு. கிளவுஸ் போட்டதும் முதல் சில நாள் வேகம் குறையும், குறைந்த கிலோவுக்குக் குறைந்த கூலி, வீட்டுக்குப் போகிற காசில் கை வைத்துவிட்டுப் பாதுகாப்பு பேசினால் யார் கேட்பார்? போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் பழைய சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு, பொருளை வாங்கி வைத்தால் போதும் என்று முதலாளியை விடவில்லை. வேலை முறையே பாதுகாப்பாக இருக்க வேண்டும், விவரம் சொல்ல வேண்டும், பழக்கிவிட வேண்டும், மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அவர் தலையில்தான் வைத்தது. எங்கள் முதலாளி பழகுகிற வாரத்துக்கு மட்டும் பழைய சராசரிக் கூலியையே தரச் சம்மதித்தார். அதற்குப்பிறகு கழற்றிப் போடுவது ரொம்பவே குறைந்துவிட்டது.

கை கழுவுகிற இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் இந்த எண்ணெய் போகாது, தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு. சில இடங்களில் மண்ணெண்ணெய் வைத்திருக்கிறார்கள், அது இருக்கிற தோலையும் வறட்டிவிடும். புண் ஆறாமல் இருந்தால் இஎஸ்ஐ டாக்டரிடம் அண்டி எண்ணெய் பட்டது என்று வாய்விட்டுச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள், வேலையில் படுகிற பொருளால் வரும் தோல் நோய் சட்டத்தில் உள்ள தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

மொத்தத்தில் முழுக்க முக்கியெடுத்த வகைக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார் தருவேன். ஒரு ஸ்டார் வியர்வைக்காகக் குறைத்தேன், பங்குனி சித்திரையில் உள்ளே கை வெந்துபோகிறது, மாற்றிப் போட ஆளுக்கு இரண்டு ஜோடி இல்லாமல் முடியாது. உள்ளங்கை மட்டும் பூசிய வகைக்கு இந்த வேலையில் ஸ்டாரே கிடையாது. இடது கை மட்டும் தனியாக விற்கிற கடை நாகர்கோவிலிலோ தக்கலையிலோ யாருக்காவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள், மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம்.